குறைந்த விலையில் மேக்ரோ லென்ஸ்: விலைக்கு முன் தூரத்தைப் பாருங்கள்!

சம்பளம் வந்தாச்சு. கேமரா ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆனால் அதோடு வந்த லென்ஸில் பூவை எடுத்தால் செடி முழுக்கத் தெரிகிறது. பூவுக்குள் இருக்கும் எறும்பு மட்டும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் எல்லாமே மங்கல்.

"மேக்ரோ லென்ஸ் வாங்கிடலாமா?" என்ற யோசனை அப்போதுதான் வரும்.

இணையத்தில் தேடிப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு மேக்ரோ லென்ஸ் ஆயிரம் வெள்ளிக்கு மேல். இன்னொன்றும் மேக்ரோதான், ஆனால் விலை அதில் சிறு பங்கு. இரண்டிலும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அப்படியென்றால் அந்த மீதிப் பணம் எதற்கு?

பெரும்பாலும் தானியக்க ஃபோகஸ், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, மழைத்துளி புகாத உடல் ஆகியவற்றுக்கு. படத்தின் கூர்மைக்கு இல்லை. மேக்ரோ லென்ஸ்களில் கூர்மையில்லாத லென்ஸைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அதனால் குறைந்த பணத்தில் வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி "எது ரொம்ப கூர்மை?" என்பதல்ல. "நான் எடுக்கப்போகும் பொருளிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பேன்?" என்பதுதான்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

'மேக்ரோ' என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. அது பல நேரங்களில் விளம்பரச் சொல்.

கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு சென்சர். ஒரு பொருள் நிஜத்தில் எவ்வளவு பெரிதோ, சென்சரின் மீது விழும் அதன் பிம்பமும் அதே அளவு இருந்தால் அது 1:1. அதுதான் முழு மேக்ரோ. பிம்பம் பாதி அளவு என்றால் 1:2. நான்கில் ஒரு பங்கு என்றால் 1:4.

ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் வெளிவந்த சிங்கப்பூர் நாணய வரிசையில் அதன் விட்டம் 24.65 மில்லிமீட்டர். பெரும்பாலான தொடக்கநிலை கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. (கேனனில் 22.3). ஆக, 1:1இல் அந்த நாணயம் படத்துக்குள் முழுசா அடங்காது! 1:2இல் படத்தின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல். 1:4இல் கால்வாசி.

பழைய 70-300 மி.மீ. போன்ற பல ஜூம் லென்ஸ்களின் மீதும் 'மேக்ரோ' என்று அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் பல 1:2 வரைகூட எட்டுவதில்லை. ஏமாற்று என்று சொல்லமுடியாது. ஆனால் நீங்கள் நினைத்தது அதுவாக இருக்காது. விற்பனைப் பக்கத்தில் 'அதிகபட்ச உருப்பெருக்கம்' என்ற வரியைத் தேடுங்கள். 1.0 என்றால் 1:1. 0.5 என்றால் 1:2. அந்த வரி இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

நிக்கான் மட்டும் மேக்ரோ என்று சொல்லாமல் 'மைக்ரோ' என்று பெயர் வைக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. 1956இல் வந்த அதன் முதல் மைக்ரோ-நிக்கார் லென்ஸ், ஆவணங்களை மைக்ரோ ஃபிலிமில் பதிவதற்காக உருவானது. நெருக்கமான கோடுகள் கொண்ட ஜப்பானிய எழுத்துகள் சிறு ஃபிலிமில் தெளிவாக விழவேண்டும் என்பதுதான் அப்போதைய தேவை. பூச்சி, பூ எல்லாம் பிறகு வந்தவை. கடையில் 'மைக்ரோ' என்று பார்த்தால் குழம்பவேண்டாம், அதுவும் மேக்ரோதான்.

முதலில் கையிலிருக்கும் லென்ஸைச் சோதியுங்கள்

இதற்குச் செலவே இல்லை. பள்ளி அளவுகோல் ஒன்று போதும்.

அளவுகோலை மேசையில் வையுங்கள். கேமராவோடு வந்த லென்ஸை 55 மி.மீ. போன்ற நீளமான முனைக்குத் திருப்பி, எவ்வளவு கிட்டே போனால் ஃபோகஸ் கிடைக்கிறதோ அங்கிருந்து ஒரு படம் எடுங்கள். படத்தின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை எத்தனை மி.மீ. தெரிகிறது? சென்சரின் அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் லென்ஸின் உருப்பெருக்கம் வந்துவிடும்.

70 மி.மீ. தெரிந்தால், 23.5ஐ 70ஆல் வகுக்க ஏறத்தாழ 0.34. அதாவது சுமார் 1:3.

ஆச்சரியம் என்னவென்றால் பல சாதாரண 18-55 மி.மீ. லென்ஸ்கள் அந்த அளவை ஏற்கெனவே எட்டிவிடுகின்றன. கேனனின் இஎஃப்-எஸ் 18-55 எஸ்டிஎம் லென்ஸ் 0.36. நிக்கானின் ஏஎஃப்-பி 18-55 லென்ஸ் 0.38. சோனியின் 16-50 மட்டும் பின்தங்கியிருக்கும், 0.215தான்.

இப்போது நீங்கள் எடுக்க நினைப்பதை அந்த எண்ணோடு பொருத்திப் பாருங்கள். தட்டிலிருக்கும் பிராத்தாவின் மொறுமொறு அடுக்கா? 1:4 போதும், புதிய லென்ஸே தேவையில்லை. கல்யாணத்தில் மோதிரம், மெட்டி, தாலியா? சுமார் 20 மி.மீ. அகலமுள்ள மோதிரம் 1:2இல் ஏபிஎஸ்-சி படத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதியை நிரப்பும். அதற்குமேல் போனால் கல்லின் கீறலும் தூசியும்தான் தெரியும். மணமக்கள் அதைக் கேட்கவில்லை.

குதிக்கும் சிலந்தியின் கண்ணா? அது வேறு விளையாட்டு. 6 மி.மீ. நீளமுள்ள சிலந்தி 1:1இல்கூட படத்தின் கால்வாசி அகலத்தைத்தான் பிடிக்கும். அங்கேதான் முழு மேக்ரோ தேவைப்படுகிறது.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

லென்ஸ் விவரப் பட்டியலில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்' என்று ஓர் எண் இருக்கும். பலர் அதை லென்ஸின் முனையிலிருந்து பொருள் வரை உள்ள இடைவெளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அது சென்சரிலிருந்து அளக்கப்படுவது. கேமராவின் தடிமனும் லென்ஸின் முழு நீளமும் அதற்குள்ளேயே போய்விடும். மிஞ்சுவதுதான் உங்களுக்கும் பூச்சிக்கும் நடுவிலுள்ள நிஜமான இடைவெளி.

சோனியின் இ 30 மி.மீ. மேக்ரோவைப் பாருங்கள். பட்டியலில் 9.5 சென்டிமீட்டர் என்று இருக்கும். 1:1இல் லென்ஸின் முன்பக்கத்திலிருந்து மிஞ்சுவது இரண்டரை செ.மீ.கூட இல்லை. நிக்கானின் 40 மி.மீ. மைக்ரோ லென்ஸில் 16.3 செ.மீ. என்று இருக்கும், மிஞ்சுவது 4 செ.மீ.க்கும் குறைவு.

அவ்வளவு கிட்டே போனால் இரண்டு பிரச்சினை. ஒன்று, தட்டாம்பூச்சி உங்களுக்காகக் காத்திருக்காது. இரண்டு, உங்கள் லென்ஸே பொருளின் மீது நிழலாக விழும். எந்தப் பக்கமிருந்தும் வெளிச்சம் உள்ளே போக வழியில்லை.

திறன்பேசியிலும் இதே கதைதான். ஐஃபோன் 13 புரோவில் 2021ஆம் ஆண்டு வந்த மேக்ரோ வசதி 2 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்கிறது. பூவுக்கும் துணியின் இழைக்கும் அருமை. பறக்கக்கூடிய எதற்கும் சிரமம்.

60 மி.மீ. லென்ஸில் 1:1இல் ஏறத்தாழ 9, 10 செ.மீ. இடைவெளி கிடைக்கும். 90 முதல் 105 மி.மீ. லென்ஸ்களில் சுமார் 13 முதல் 15 செ.மீ. கேட்பதற்கு அதிகமாகத் தோன்றாது. ஆனால் புல் நுனியிலிருக்கும் பூச்சிக்கு அந்த 5 செ.மீ. பெரிய மரியாதை!

அப்படியென்றால் எல்லாரும் 100 மி.மீ. வாங்கவேண்டியதுதானா? அன்றாடப் படங்களும் வேண்டும் என்றால் யோசிக்கவேண்டும். ஏபிஎஸ்-சி கேமராவில் 100 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு உணவங்காடி மேசையில் உட்கார்ந்தால் எதிரில் இருக்கும் தோழியின் மூக்கும் கண்ணும்தான் படத்தில் இருக்கும். தட்டு முழுவதும் தெரிய நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நிற்கவேண்டும். பக்கத்து மேசைக்காரர் என்ன நினைப்பார்?

எனவே பூச்சிதான் முக்கியம் என்றால் 90 முதல் 105 மி.மீ. சாப்பாடு, நகை, விற்பனைக்குப் போடும் பொருள், எப்போதாவது பூ என்றால் 35 முதல் 50 மி.மீ. இரண்டும் சம அளவில் வேண்டும் என்றால் ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 60 மி.மீ. நல்ல நடுவழி; அதில் ஆளைப் படமெடுத்தாலும் முகம் அழகாக வரும்.

லென்ஸ் வாங்காமலேயே மேக்ரோ

முதலில் இதை முயன்று பாருங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. பிடிக்காவிட்டால் நட்டமும் சிறிதுதான்.

'எக்ஸ்டென்ஷன் டியூப்' என்பது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. லென்ஸைச் சென்சரிலிருந்து தள்ளிவைப்பதுதான் அதன் ஒரே வேலை. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் ஏறத்தாழ வரும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் என்றால் கூடுதலாக 0.5. ஏற்கெனவே இருக்கும் 0.15ஐயும் சேர்த்தால் 0.65.

வாங்கும்போது உள்ளே மின் இணைப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத குழாய் இன்னும் மலிவு. ஆனால் இப்போதைய பல லென்ஸ்களில் அப்பர்ச்சரை மாற்றுவது கேமராதான். இணைப்பு இல்லாவிட்டால் அதைக் கட்டுப்படுத்த வழியில்லை. அந்தச் சில வெள்ளியை மிச்சப்படுத்தாதீர்கள்.

இரண்டாவது வழி, லென்ஸின் முன்னால் மாட்டும் 'குளோஸ்-அப்' கண்ணாடி. பல துண்டுகளாக ஒரே பையில் வரும் மலிவான ஒற்றைக் கண்ணாடிகளைத் தவிர்த்துவிடுங்கள். படத்தின் ஓரங்கள் குழையும், நிறம் பிரியும். இந்த வகையில் பெயர் பெற்றது ரேனாக்ஸ். அதன் டிசிஆர்-250 8 டயாப்டர் சக்தி கொண்டது, டிசிஆர்-150 4.8 டயாப்டர். 52 முதல் 67 மி.மீ. வரை விட்டமுள்ள லென்ஸ்களில் கிளிப்போல சட்டென்று மாட்டிக்கொள்ளும்.

உங்களிடம் 55-210, 55-250 போன்ற ஜூம் சும்மா கிடக்கிறதா? அதற்கு இது கச்சிதமான துணை. 200 மி.மீ.யில் டிசிஆர்-150ஐ மாட்டினால் ஏறக்குறைய 1:1 கிடைத்துவிடும். பொருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சுமார் 20 செ.மீ. இடைவெளி. பல விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ்களில் அந்த இடைவெளி கிடைக்காது! டிசிஆர்-250இல் இடைவெளி சுமார் 12 செ.மீ.க்குக் குறையும், உருப்பெருக்கம் கூடும். புதிதாகத் தொடங்குபவர் 150ஐ எடுப்பது நல்லது. 250இல் சிலந்தியைப் படத்துக்குள் கண்டுபிடிப்பதே முதல் வாரம் முழுக்க வேலையாகிவிடும்.

லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையமும் உண்டு. மூன்றிலும் மலிவானது அதுதான். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டினால் கிட்டத்தட்ட 1:1. ஆனால் லென்ஸின் பின்பக்கம் வெளியே திறந்து கிடக்கும், தானியக்க ஃபோகஸ் போய்விடும், அப்பர்ச்சரும் சிக்கல். சிங்கப்பூர் மழையில் அதை வெளியே எடுத்துச் செல்ல மனம் வராது.

சரி, லென்ஸ்தான் வேண்டும். எதைப் பார்ப்பது?

புதியதில் மலிவானவை, கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்கள். டிடிஆர்ட்டிசன் 40 மி.மீ. எஃப்/2.8, செவன்ஆர்ட்டிசன்ஸ் 60 மி.மீ. எஃப்/2.8 இரண்டும் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமராக்களுக்கானவை, இரண்டும் 1:1. கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் லாவா 65 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் நிஜ அளவைவிட இரு மடங்கு வரை போகும்.

"ஆட்டோ ஃபோகஸ் இல்லாம எப்படி?" என்ற பயம் வேண்டாம். 1:1 நெருக்கத்தில் விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருப்பவர்களில் பலரும் தானியக்க ஃபோகஸை அணைத்துவிடுகிறார்கள். முதலில் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முடிவு செய்து வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு, உடலை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கண் கூர்மையாகும் நொடியில் பொத்தானை அழுத்துவதுதான் வழக்கம். லென்ஸ் தானாகத் தேடினால் முன்னும் பின்னும் ஓடி நேரத்தைத்தான் வீணாக்கும். மேக்ரோவுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லாத வசதி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆனால் ஓடியாடும் குழந்தைகளையும் தோழர்களையும் அதே லென்ஸில் எடுக்க நினைத்தால் கதை மாறும். அப்போது தானியக்க ஃபோகஸ் வேண்டும்.

இன்னொன்று: இந்த லென்ஸ்களில் மின் இணைப்பு இல்லாவிட்டால் கேமரா "லென்ஸே மாட்டவில்லை" என்று நினைத்துக்கொண்டு படமெடுக்க மறுக்கும். பழுது இல்லை. அமைப்புகளில் லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் தெரிவு ஒன்று இருக்கும்; அதை இயக்கினால் சரியாகிவிடும்.

கேனன் ஆர் வரிசை வைத்திருப்பவர்களுக்கு ஆர்எஃப் 35 மி.மீ. எஃப்/1.8, ஆர்எஃப் 85 மி.மீ. எஃப்/2 இரண்டும் அன்றாட லென்ஸ்கள். பெயரில் மேக்ரோ உண்டு, ஆனால் எட்டுவது 1:2 வரைதான். நகைக்கும் உணவுக்கும் அது தாராளம். இருட்டான மண்டபத்திலும் கைகொடுக்கும். சிலந்திக்காக மட்டும் இவற்றை வாங்காதீர்கள்.

பயன்படுத்திய லென்ஸ் என்றால் தெரிவு பரந்தது. டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தவர்கள் பலர் மிரர்லெஸுக்கு மாறிவிட்டதால் நல்ல மேக்ரோ லென்ஸ்கள் கெரசலிலும் பெனின்சுலா கடைத்தொகுதியின் கேமராக் கடைகளிலும் வந்துபோகின்றன. தேடவேண்டியவை: கேனன் இஎஃப்-எஸ் 60 மி.மீ. எஃப்/2.8, கேனன் இஎஃப் 100 மி.மீ. எஃப்/2.8 (சிவப்பு வளையம் இல்லாத பழையது), தம்ரான் 90 மி.மீ. எஃப்/2.8. இந்த மூன்றும் 1:1. கேனன் லென்ஸ்கள் இரண்டும் இஎஃப்-ஆர்எஃப் இணைப்பான் மூலம் புதிய கேனன் கேமராக்களிலும் தானியக்க ஃபோகஸோடு ஒழுங்காக வேலை செய்யும்.

நிக்கான் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கவேண்டும்: "லென்ஸுக்குள்ள மோட்டார் இருக்கா?" தம்ரான் 90இன் பழைய நிக்கான் பதிப்பில் மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும் மோட்டார் இல்லை. இரண்டையும் சேர்த்தால் கையால்தான் ஃபோகஸ். எஃப்டிஇசட் இணைப்பான் வழியாக இசட் கேமராவில் மாட்டினாலும் அதே நிலைதான்.

ஃபோகஸ் வளையம் சுழற்றப் பிடிக்கும் என்றால் நிக்கானின் பழைய மைக்ரோ-நிக்கார் 55 மி.மீ. எஃப்/2.8 அருமையான லென்ஸ். தனியாக 1:2, பிகே-13 என்ற 27.5 மி.மீ. குழாயோடு 1:1. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறுவது அதற்குத் தெரிந்த நோய். வாங்குமுன் அப்பர்ச்சர் வளையத்தை எஃப்/16க்குத் திருப்பி, பின்பக்கமுள்ள நெம்புகோலைத் தட்டிப் பாருங்கள். இதழ்கள் சட்டென்று திறந்து மூடவேண்டும். சோம்பலாக நகர்ந்தால் வேண்டாம்.

டார்ச் விளக்கோடு போங்கள்

நம் ஊரில் பயன்படுத்திய லென்ஸின் முதல் எதிரி கீறல் இல்லை, பூஞ்சை. ஆண்டு முழுதும் ஈரப்பதம். அலமாரியில் மூடிவைத்த லென்ஸின் கண்ணாடிக்குள் அது வலைபோலப் படர்ந்துவிடும்.

லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவைத்து, ஒருபக்கமிருந்து திறன்பேசியின் டார்ச்சை அடித்து மறுபக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், பொருட்டில்லை. மெல்லிய நூல்கள் கிளைவிட்டதுபோலத் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பால்போல மங்கியிருந்தால் அதுவும் வேண்டாம். "சுத்தம் செஞ்சா போயிடும்" என்பார்கள். போகலாம்; ஆனால் பூச்சை அரித்திருந்தால் தடம் அப்படியே இருக்கும், சுத்தம் செய்யும் கூலி நீங்கள் மிச்சப்படுத்திய பணத்தைச் சாப்பிட்டுவிடும்.

வாங்கிய பிறகும் அதே கவனம் தேவை. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் மின்பெட்டி நல்லது. அதற்கு இப்போது வசதியில்லையா? காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி போதும்.

பணத்தில் ஒரு பங்கை ஒளிக்கு ஒதுக்குங்கள்

பலரும் முழுப் பணத்தையும் லென்ஸில் போட்டுவிட்டு ஏமாற்றமடைவது இங்கேதான்.

1:1இல் எஃப்/8 வைத்தால்கூட கூர்மையாக இருக்கும் ஆழம் 1 மி.மீ.க்கும் குறைவு. எஃப்/2.8இல் அரை மி.மீ.கூட இல்லை, சிலந்தியின் ஒரு கண் தெளிவு, அடுத்த கண் மங்கல். ஆக, அப்பர்ச்சரை எஃப்/8, எஃப்/11 என்று சுருக்கியே ஆகவேண்டும். அதற்குமேல் சுருக்கினால் ஒளி வளைந்து படம் முழுவதும் மென்மையாகிவிடும்.

சுருக்கினால் இருட்டு. போதாததற்கு, 1:1 வரை நெருங்கும்போது சென்சருக்குப் போகும் ஒளி பொதுவாக நான்கில் ஒரு பங்காகக் குறையும். மரநிழலில் நின்று, கை நடுக்கம் தெரியாத வேகத்தில் எடுக்க அங்கே வெளிச்சமே இல்லை.

அதனால்தான் நூறு வெள்ளி லென்ஸும் ஃபிளாஷும் வைத்திருப்பவரின் படம், ஆயிரம் வெள்ளி லென்ஸை மட்டும் வைத்திருப்பவரின் படத்தைவிடத் தெளிவாக வருகிறது. ஃபிளாஷின் ஒளி மிகக் குறைந்த நேரம்தான் மின்னும். நடுக்கம் அதில் பதியாது.

பெரிய ஃபிளாஷ் தேவையில்லை. பொருள் சில அங்குலத்தில்தான் இருக்கிறது. சிறியதே போதும், ஆனால் அதன் ஒளியை மென்மையாக்கவேண்டும். அப்படியே அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு எரியும். பழத்தைச் சுற்றிவரும் வெண்ணிற நுரைத்தாள், பேக்கிங் தாள், உருளைக்கிழங்கு வறுவல் வரும் நீள டப்பா என்று வீட்டில் கிடைப்பதை வைத்தே பலர் ஒளிபரப்பி செய்கிறார்கள். தாள் எவ்வளவு அகலமாகவும் பூச்சிக்கு எவ்வளவு அருகிலும் இருக்கிறதோ, ஒளி அவ்வளவு மென்மை.

லென்ஸின் முனையில் மாட்டும் மலிவான எல்இடி வளைய விளக்கு எப்படி? அசையாத பொருளுக்குச் சரி. நகரும் பூச்சிக்கு அதன் சக்தி போதாது. தங்க நகைக்கும் யோசியுங்கள்: பளபளக்கும் தாலியில் அந்த வளையம் வளையமாகவே தெரியும். நகைக்கு ஜன்னல் வெளிச்சமும் எதிர்ப்பக்கம் பிடிக்கும் ஒரு வெள்ளை அட்டையும் மேல்.

வெளியே எடுத்துச் செல்லும்போது

வீனஸ் டிரைவ் பக்கமுள்ள வின்சர் இயற்கைப் பூங்கா, டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா, பூமலை... தொடங்குவதற்கு நல்ல இடங்கள். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். புளோக்கின் கீழே உள்ள செடியில் முசுறு எறும்பு இல்லாமலா போகும்? காலையில் சீக்கிரம் போனால் காற்றும் குறைவு, பூச்சிகளும் அவ்வளவு சுறுசுறுப்பாக இருக்காது. இடக்கையால் தண்டைப் பிடித்து, லென்ஸை அதே கையின் மீது சாய்த்துக்கொண்டால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே அசையும், ஃபோகஸ் தப்பாது. முசுறு இருக்கும் கிளையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

பூச்சி அசையாமல் இருக்கவேண்டும் என்று அதைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். பூங்காக்களிலிருந்து பூச்சியையோ செடியையோ எடுத்துச் செல்வதும் விதிமீறல்.

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்தோ பேருந்திலிருந்தோ நேராக வெளியே எடுத்தால் லென்ஸின் மீது நீர்த்திவலை படியும். உடனே துடைக்காதீர்கள். பைக்குள்ளேயே மூடிவைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து எடுங்கள். அந்த நேரத்தில் கொசு மருந்து பூசிக்கொள்ளலாம். ஆனால் அதில் 'டீட்' இருக்கிறதா என்று பாருங்கள்; சில வகை பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அது இளக்கிவிடும். பூசியதும் உள்ளங்கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கேமராவைத் தொடவேண்டும்.